பறவை மனிதர் சாலிம் அலியும் அவர் சிநேகிதரும்

போன மாத ஏட்டில் நம்ம ஊர் கண்மாய்ப் பறவைகளைப் பற்றி எழுதியிருந்தேன். படித்திருப்பீர்கள். அதைப் பார்த்துவிட்டு அறிவியல் டீச்சர், சாலிம் அலியைப் பற்றி உனக்குத் தெரியுமா என்று கேட்டார்கள். பெயர் மட்டும்தான் தெரியும் என்றேன். ஒரு புத்தகம் கொடுத்தார்கள். இரண்டு ராத்திரியில் படித்து முடித்தேன். அதில் இருந்து எனக்குப் பிடித்ததை இங்கே எழுதுகிறேன்.

சாலிம் அலி 1896-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் தேதி பம்பாயில் பிறந்தார். வீட்டில் பத்தாவது பிள்ளை, கடைக்குட்டி. ஒரு வயதில் அப்பா இறந்துபோனார். மூன்று வயதில் அம்மாவும் போய்விட்டார். தாய்மாமா அமிருதீனும் அவர் மனைவியும்தான் எடுத்து வளர்த்தார்கள். அவர்களுக்குப் பிள்ளை கிடையாது.

மாமா வேட்டைக்காரர். சின்னப் பையனுக்கு ஒரு விளையாட்டுத் துப்பாக்கி கிடைத்தது. நம்ம பையன்கள் உண்டிவில்லோடு திரிகிற மாதிரி அவரும் அதை வைத்துக் குருவி சுட்டுக்கொண்டு திரிந்தார். ஒருநாள் விழுந்த குருவிக்குக் கழுத்தில் மஞ்சளாக இருந்தது. இது வீட்டுக் குருவி இல்லையே என்று மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினார். மாமாவுக்கும் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தில் மில்லார்டு என்ற ஆங்கிலேயர் செயலாளராக இருந்தார். அவரிடம் அனுப்பி வைத்தார். மில்லார்டு கோபிக்கவில்லை, விரட்டவில்லை. அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொல்லி, அலமாரி அலமாரியாகப் பாடம் செய்து வைத்திருந்த பறவைகளைத் திறந்து காட்டினார். படிக்கப் புத்தகமும் கொடுத்தார். அவ்வளவுதான், பையன் மாறிவிட்டான்.

படிப்பில் அவர் பெரிய ஆள் இல்லை. (இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது.) 1914-ல் பர்மாவுக்குப் போய் குடும்பத்தாரோடு சுரங்கத் தொழிலும் மரத் தொழிலும் பார்த்தார். அங்கேயும் காட்டில் பறவை பார்த்ததுதான் மிச்சம். திரும்பி வந்து 1918-ல் தெஹ்மினாவைக் கல்யாணம் செய்தார். 1926-ல் பம்பாய் அருங்காட்சியகத்தில் ஒரு வேலை கிடைத்தது. அதில் விடுப்பு எடுத்துக்கொண்டு பெர்லின் போய், ஸ்ட்ரேஸ்மன் என்ற பெரிய பறவை அறிஞரிடம் பாடம் கற்றார். 1930-ல் திரும்பி வந்தால், பணம் இல்லை என்று அந்த வேலையையே எடுத்துவிட்டார்கள். கையில் பெரிய பட்டமும் இல்லாததால் வேறு அரசாங்க வேலையும் கிடைக்கவில்லை.

பம்பாய்க்குப் பக்கத்தில் கடற்கரையில் கிஹிம் என்ற கிராமத்துக்குக் குடிபோனார்கள். வேலை இல்லாத மனிதர் என்ன செய்வார்? மரத்தில் தொங்கிய தூக்கணாங்குருவிக் கூடுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நாள்தோறும் பார்த்து எழுதி வைத்தார். கூடு கட்டுவது ஆண் குருவிதான். பாதி கட்டி நிறுத்திவிடும். பெண் குருவி வந்து உள்ளே நுழைந்து பார்க்கும். பிடித்தால்தான் தங்கும். அதன் பிறகுதான் ஆண் மீதியைக் கட்டி முடிக்கும். முடித்த கையோடு அடுத்த கூட்டை ஆரம்பித்துவிடும். வேறு ஒரு பெண் குருவிக்காக! நம்ம ஊர் பம்புசெட் கிணற்று ஈச்ச மரத்தில் மணி மாதிரி பாதியாகத் தொங்கும் கூடுகளைப் பார்த்து, யாரோ கல்லெறிந்து பிய்த்துவிட்டார்கள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். பெண் குருவிக்குப் பிடிக்காத வீடுகள் என்று இப்போதுதான் தெரிந்தது.

அப்புறம் ஹைதராபாத், திருவாங்கூர், கொச்சி என்று சமஸ்தானம் சமஸ்தானமாகப் போய்ப் பறவைக் கணக்கெடுத்தார். தெஹ்மினாவும் கூடாரத்தில் கூடவே இருந்தார். 1939-ல் ஒரு சின்ன அறுவை சிகிச்சைக்குப் பிறகு தெஹ்மினா இறந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். 1941-ல் அவருடைய இந்தியப் பறவைகள் புத்தகம் வெளிவந்தது.

சிநேகிதர் வருவது இதற்குப் பிறகுதான். அவர் பெயர் லோக் வான் தோ. 1915-ல் மலேயாவில் பிறந்த சீனர், பெரிய பணக்காரர், சிங்கப்பூரில் சினிமாக் கம்பெனி நடத்தியவர். 1942-ல் ஜப்பான்காரர்கள் சிங்கப்பூரைப் பிடிக்க வந்தபோது கப்பலில் தப்பினார். கப்பல் மேல் குண்டு விழுந்தது. உடம்பெல்லாம் தீக்காயம், கொஞ்ச நாள் கண்ணும் தெரியவில்லை. பிழைத்து இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார். வந்த இடத்தில் சாலிம் அலியோடு பழக்கமானார். இருவருக்கும் பத்தொன்பது வயது வித்தியாசம்!

சாலிம் அலி நோட்டும் தொலைநோக்கியுமாகப் பறவையின் நடத்தையை எழுதுவார். லோக் வான் தோ கேமராவோடு மறைப்புக்குள் அசையாமல் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். கண் தெரியாமல் கிடந்தவர் எடுத்த படங்கள் என்று நினைத்துப் பாருங்கள். இருவரும் கட்ச் பாலைவனத்தில் பூநாரைகள் கூடு கட்டும் இடம் வரை போனார்கள், இமயமலைப் பக்கம் சிக்கிமுக்கும் போனார்கள். போர் முடிந்து லோக் ஊருக்குத் திரும்பிப் பெரிய முதலாளியான பிறகும் பழக்கம் விடவில்லை. பயணங்களுக்குப் பணமும் கொடுத்தார், தானும் வந்து சேர்ந்துகொண்டார்.

சாலிம் அலிக்கு மோட்டார் சைக்கிள் என்றால் உயிர். 1950-ல் சுவீடனில் நடந்த பறவை மாநாட்டுக்குப் போகும்போது தன் வண்டியைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய் ஐரோப்பாவில் ஓட்டினார். அப்போது அவருக்கு வயது 53. எங்க தாத்தா சைக்கிளில் சந்தைக்குப் போனாலே வீட்டில் சண்டை நடக்கும்.

அவருக்குப் பத்மபூஷண் 1958-லும் பத்மவிபூஷண் 1976-லும் கிடைத்தன. ரிப்ளி என்பவரோடு சேர்ந்து பத்துத் தொகுதிப் பறவைப் புத்தகம் எழுதினார். அமைதிப் பள்ளத்தாக்கைக் காப்பாற்றவும் குரல் கொடுத்தார். நம்ம மாநிலத்திலேயே, கோவை ஆனைகட்டியில், 1990-ல் அவர் பெயரில் பறவை ஆராய்ச்சி மையம் வந்தது. அவர் நிறையப் பறவைகளைச் சுட்டும் இருக்கிறார். அந்தக் காலத்தில் அப்படித்தான் ஆராய்ச்சி செய்தார்களாம். எனக்கு அது மட்டும் மனசுக்கு ஒட்டவில்லை.

குறிப்பெடுக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். லோக் வான் தோ 1964 ஜூன் 20-ஆம் தேதி தைவானில் விமான விபத்தில் மனைவியோடு இறந்தார். சாலிம் அலி இறந்தது 1987 ஜூன் 20. இரண்டும் ஒரே தேதி. நடுவில் 23 வருஷம். நோட்டில் இரண்டு தேதியையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிவிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கண்மாய்க்கு நான் தனியாகப் போவதில்லை. சனிக்கிழமை தோறும் என் சிநேகிதியும் வருவாள். நான் நோட்டில் எழுதுவேன். அவள் தன் அண்ணன் செல்போனில் போட்டோ எடுப்பாள். முக்குளிப்பானைப் பிடிக்க அவள் முழங்கால் தண்ணீரில் ஒரு மணி நேரம் நின்றாள். போன ஏட்டில் அவள் போட்டோக்களைப் பார்த்துத்தான் நான் படம் வரைந்தேன். கீழே என் பெயரை மட்டும் எழுதிவிட்டேன். இடம் போதவில்லை என்று அவளிடம் சொன்னேன். இடம் இருந்தது. அன்றிலிருந்து மூன்று சனிக்கிழமையாக அவள் கண்மாய்க்கு வரவில்லை.

இந்தப் பக்கத்தின் ஓரத்தில் இருக்கும் தூக்கணாங்குருவியும் அவள் எடுத்த போட்டோதான், நான் வரைந்தேன். பெண் குருவி பாதிக் கூட்டுக்குள் எட்டிப் பார்க்கிறது. படத்துக்குக் கீழே இரண்டு பெயர் இருக்கிறது, பாருங்கள். வருகிற சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கலுங்குப் பக்கம் நான் நிற்பேன். நோட்டு மட்டும்தான் என்னிடம் இருக்கும்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி