மணல் துகள் அளவு பல்... மீனைப் பார்க்காமலே கணித்த விஞ்ஞானி! யார் இந்த கிறிஸ்டியன் பாண்டர்?

பழைய சுண்ணாம்புக்கல் ஒன்றை, வினிகரில் இருக்கிற அதே அசிட்டிக் அமிலத்தில் ஊறப் போடுங்கள். நாள் ஆக ஆக கல் கரைந்துவிடும். அடியில் கொஞ்சம் வண்டல் மட்டும் தங்கும். அதை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், சில நேரம் கொம்பு மாதிரியும், சீப்பு மாதிரியும் மினுமினுக்கும் குட்டித் துண்டுகள் தெரியும். அளவு? பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரைச் சுற்றித்தான்.

இவற்றின் பெயர் கோனோடோன்ட். கூம்புப் பல் என்று அர்த்தம். இவற்றை முதன்முதலில் கண்டு, பெயரும் வைத்தவர் கிறிஸ்டியன் ஹென்ரிச் பாண்டர். இவை அழிந்துபோன ஏதோ ஒரு மீனின் பற்கள் என்று 1856இல் அவர் எழுதினார். அந்த மீன் எப்படி இருக்கும் என்று அவருக்கே தெரியாது. அவர் சொன்னது சரிதானா என்று தெரிய உலகம் 126 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

யார் இந்த பாண்டர்?

1794இல் ரீகா நகரில் பிறந்தவர். இன்று அது லாட்வியாவின் தலைநகரம். அப்போது ரஷ்யப் பேரரசுக்குள் இருந்தது. ஜெர்மன் பேசும் குடும்பம், அப்பா வசதியான வங்கியாளர். அதனால் பணத்துக்குக் குறைவில்லை.

டோர்பாட், பெர்லின், கோட்டிங்கன் எனப் பல ஊர்களில் படித்துவிட்டு, ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகருக்கு வந்தார் பாண்டர். அங்கே பேராசிரியர் டோலிங்கர் ஓர் ஆய்வுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். முட்டைக்குள் கோழிக்குஞ்சு எப்படி உருவாகிறது என்று நாள்வாரியாகப் பார்க்கணும். ஆனால் செலவு அதிகம். ஆயிரக்கணக்கில் முட்டை வேணும், பார்த்ததை வரைய நல்ல ஓவியர் வேணும். பாண்டரின் நண்பர் கார்ல் எர்ன்ஸ்ட் வான் பேயருக்கு அந்த ஆய்வில் ஆசை இருந்தது, கையில் காசு இல்லை. அதனால் பாண்டர் தன் செலவில் அதை எடுத்துக்கொண்டார். படங்களை எட்வர்ட் டால்டன் வரைந்தார்.

முட்டைக்குள் என்ன பார்த்தார்?

1817இல் முடிவு வெளியானது. கோழிக்கரு ஆரம்பத்தில் மெல்லிய தாள் மாதிரி அடுக்குகளாக இருக்கிறது, மூன்று அடுக்குகள், அவற்றிலிருந்துதான் உடம்பின் எல்லா உறுப்பும் வருகிறது என்பதுதான் அது. இன்றைக்குக் கருவியல் படிக்கும் எந்த மாணவருக்கும் இது முதல் பாடம். அப்போது பாண்டருக்கு வயது 23தான்!

ஆனால் அவர் அந்தத் துறையில் நிற்கவில்லை. அந்த வேலையை வான் பேயர் பின்னாளில் பெரிதாக வளர்த்தெடுத்தார், புகழும் பெரும்பாலும் அவருக்கே போனது. பாண்டரோ டால்டனுடன் ஐரோப்பா முழுக்கச் சுற்றி விலங்குகளின் எலும்புக்கூடுகளைப் பற்றிப் பெரிய நூல் தொகுதியைக் கொண்டுவந்தார். 1820இல் ரஷ்யத் தூதுக் குழுவுடன் மத்திய ஆசியாவின் புகாராவுக்குப் போனார். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் அகாடமியில் சேர்ந்து, 1827இல் அதைவிட்டு விலகினார். 1833இல் ரீகா அருகே இருந்த குடும்பப் பண்ணைக்கே திரும்பிவிட்டார்.

மறுபடியும் நுண்ணோக்கி

1842இல் மீண்டும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க். இந்த முறை சுரங்கத் துறையில் வேலை. பால்டிக் பகுதியின் பழைய படிவுப்பாறைகளை அலசும்போதுதான் அந்தக் குட்டிப் பற்கள் சிக்கின. வெளித்தோற்றத்தை மட்டும் பார்த்து அவர் முடிவுக்கு வரவில்லை. மெல்லிய சீவல்களாக வெட்டி, உள்ளே எப்படி அமைந்திருக்கிறது என்றும் பார்த்தார். 1817இல் முட்டையில் செய்த அதே பொறுமையான வேலை, இப்போது கல்லில்.

1856இல் புத்தகம் வந்தது. எதிர்ப்பும் வந்தது. பிரிட்டனின் பெரிய உடற்கூறியல் நிபுணர் ரிச்சர்ட் ஓவன், இவை மீன் பல் அல்ல, புழு அல்லது ஓடில்லாத மெல்லுடலியின் முள்ளாக இருக்கலாம் என்றார். 1865இல் பாண்டர் இறந்தார். கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை.

126 ஆண்டுக்குப் பிறகு என்ன நடந்தது?

அதன்பிறகு ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். புழு என்றார்கள், நத்தை இனம் என்றார்கள், தாவரம் என்றுகூடச் சொன்னவர்கள் உண்டு. காரணம் ரொம்ப சிம்பிள். அந்த விலங்கின் உடம்பு மென்மையானது. செத்ததும் அழுகிப்போகும், பல் மட்டும்தான் மிஞ்சும்.

1982இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் யுவன் கிளார்க்சன் என்ற ஆய்வாளர், இறால் வகைப் புதைபடிவங்களுக்காகப் பழைய சேகரிப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார. அதில் ஒரு கல்லில் சுமார் 4 சென்டிமீட்டர் நீளத்தில், விலாங்கு போல ஓர் உடல் பதிந்திருந்தது. அதன் தலைப்பக்கத்தில் கோனோடோன்ட் பற்கள்! பல பத்தாண்டுகளாக அலமாரியில் கிடந்த கல் அது. முதுகுநாண், மீன்களுக்கு இருப்பது போன்ற வி வடிவத் தசை, வாலில் துடுப்பு என ஒவ்வொன்றாகத் தெரிந்தன. 1983இல் ஆய்வுக் கட்டுரை வந்தது. புழு வாதம் மெல்ல வலுவிழந்தது.

சரி, இதனால் நமக்கு என்ன?

இரண்டு பெரிய பயன் உண்டு. முதலாவது, காலத்தை அளப்பது. கோனோடோன்ட் விலங்குகள் சுமார் 50 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றி, சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் அழிந்தன. இடையில் பற்களின் வடிவம் மாறிக்கொண்டே வந்தது. அதனால் பல்லைப் பார்த்தே பாறையின் வயதைச் சொல்லலாம். சுமார் 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் பெர்மியன் காலம் முடிந்து டிரையாசிக் காலம் தொடங்கும் கோட்டை, சீனாவின் மெய்ஷானில் ஒரு கோனோடோன்ட் இனம் முதன்முதலில் தென்படும் இடத்தை வைத்துத்தான் உலகம் ஒப்புக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது, எண்ணெய். பூமிக்கடியில் சூடு ஏற ஏற, இந்தப் பற்கள் வெளிர் மஞ்சளில் இருந்து பழுப்பாகி, கறுப்பாகும். எவ்வளவு வெந்திருக்கிறது என்பதை நிறமே காட்டிக்கொடுக்கும். அங்கே எண்ணெய், எரிவாயு மிஞ்சியிருக்க வாய்ப்புண்டா என்று கணிக்க 1970களில் இருந்து இந்த முறை உதவுகிறது.

அப்போ பாண்டர் சொன்னது முழுக்க சரியா?

முக்கால்வாசி சரி. இந்த விலங்குகளைத் தாடை இல்லாத ஆதி மீன்களின் உறவாகத்தான் பெரும்பாலான ஆய்வாளர்கள் இன்று வைக்கிறார்கள். ஆனால் அவற்றின் பல்லும் நம் பல்லும் ஒரே வழியில் வந்தவை அல்ல, தனித்தனியாகத் தோன்றியவை என்று 2013இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. விவாதம் இன்னும் முடியவில்லை.

கோனோடோன்ட்களை ஆராய்பவர்களின் சர்வதேச அமைப்புக்குப் பெயர் பாண்டர் சொசைட்டி. ஒரு முழு உடலைக்கூடப் பார்க்காமல், கையில் கிடைத்த மணல் துகள் அளவுப் பல்லை மட்டும் நம்பி எழுதியவரின் பெயர் அது.