பொன் விளைந்த பூமியில் இசை விதைத்தவர்

வில்லியம் சோரின் லிஸ்டர் 1828ஆம் ஆண்டு அயர்லாந்தின் டப்ளின் நகரிற் பிறந்தவர். அவர் புகழ் பெற்றது தாம் பாடியதால் அன்று; பாடுவோரைத் திரட்டி, கடல் கடந்து அழைத்துச் சென்று, மேடையேற்றியதால்.

கதை முழுவதையும் பாட்டாகவே நடித்துக் காட்டும் மேலைநாட்டு இசை நாடகத்தை ஒப்பரா என்பர். அதற்கு நாலைந்து நடிகர்கள் போதா. முதன்மைப் பாடகர், கூட்டமாகப் பாடுவோர், வாத்தியக்காரர், உடைகள், காட்சித் திரைகள் எல்லாம் வேண்டும். ஐரோப்பாவிலே அரசர்களும் செல்வர்களும் ஆதரித்து வளர்த்த கலை அது. அதைக் குடியேற்ற நாடொன்றில், நுழைவுச்சீட்டுப் பணத்தை மட்டும் நம்பி நடத்தத் துணிந்தவர் லிஸ்டர்.

அவுஸ்திரேலியாவின் விக்டோரியாக் குடியேற்றத்தில் 1851இல் பொன் கண்டெடுக்கப்பட்டது. அவ்வாண்டு சுமார் 77,000 ஆக இருந்த அதன் குடித்தொகை, பத்தே ஆண்டுகளில் சுமார் 5,40,000 ஆகியது. இத்தகைய வேளையிலேதான் அமெரிக்காவின் சன்பிரான்சிஸ்கோவிலிருந்து லிஸ்டர் தம் குழுவுடன் மெல்பேர்ணில் வந்திறங்கினார். 1861 மார்ச் 25ஆம் திகதி தியேட்டர் றோயல் அரங்கில் இத்தாலியரான டொனிசெற்றியின் 'லூசியா டி லாமர்மூர்' மேடையேறியது. லூசி எஸ்கொட் அம்மையாரும் ஹென்றி ஸ்குவயர்சும் அக்குழுவின் முதன்மைப் பாடகர்கள்.

அதன்பின் ஏழாண்டுகள் அக்குழு ஓயவில்லை. மெல்பேர்ண், சிட்னி, அடிலெயிட் நகரங்களிலும், பொற்சுரங்க ஊர்களிலும், கடல் தாண்டி நியூசிலாந்திலும் பாடியது. பாரிஸில் 1859இல் அரங்கேறிய கூனோவின் 'பௌஸ்ட்', 1864இல் மெல்பேர்ண் மக்களுக்குக் கிடைத்தது. 1865இல் அங்கே அரங்கேறிய மேயர்பீரின் 'ஆபிரிக்கப் பெண்' மறு ஆண்டே வந்து சேர்ந்தது.

1868இல் லிஸ்டர் தம் குழுவைச் சன்பிரான்சிஸ்கோவுக்கு அழைத்துச் சென்றார். அம்முயற்சி தோற்றது, குழு கலைந்தது. வேறொருவராயின் அத்தோடு ஒதுங்கியிருப்பார். அவரோ அவுஸ்திரேலியாவுக்குத் திரும்பி, 1870 தொடக்கம் இத்தாலியப் பாடகரைக் கொண்டு மீண்டும் ஒப்பரா நடத்தினார். உயர்ந்த ஒப்பரா பலமுறை நட்டமே தந்தது. மக்கள் விரும்பிய இலகுவான நகைச்சுவை இசை நாடகங்களில் ஈட்டியதைக் கொண்டு அந்த நட்டத்தை ஈடுசெய்தார். இலாபம் தருவதோடு நின்றிருந்தால் அவருக்குச் சுகமே. ஆனால் 1877இல் வாக்னரின் 'லோஹென்கிறின்' ஒப்பராவையும் மெல்பேர்ணில் மேடையேற்றினார். அவுஸ்திரேலியா கண்ட முதல் வாக்னர் ஒப்பரா அதுவே. 1880 நவம்பரில், தமது 52ஆம் வயதில், அந்நகரிலேயே லிஸ்டர் காலமானார்.

ஊர் ஊராய்ச் செல்லும் குழு ஆட்டம் முடிந்ததும் போய்விடும். அதனால் ஊருக்கு என்ன மிச்சம் என்று கேட்கலாம். திரியெஸ்ற் நகரிற் பிறந்த அல்பேட்டோ செல்மன், இந்தியாவிற் பணிபுரிந்தபின் 1871இல் அவுஸ்திரேலியா வந்து, லிஸ்டரின் ஒப்பராக்களில் வாத்தியக் குழுவை வழிநடத்தியவர். அவர் திரும்பிப் போகவில்லை. மெல்பேர்ணிலே குடியிருந்து இசை கற்பித்தார். அங்கே பிறந்த அவருடைய மகன், தந்தையின் பெயரையே கொண்டவர், 1906இல் ஓர் இசைக்குழுவை முதன்முதலாக மேடையில் நடத்தினார். மெல்பேர்ண் சிம்பொனி இசைக்குழு இன்று தன் பிறப்பை அந்நாளிலிருந்தே கணக்கிடுகிறது.

அகழ்ந்தெடுத்த பொன் கப்பலேறிப் போயிற்று. லிஸ்டர் நட்டப்பட்டு விதைத்த இசையோ அந்த மண்ணிலேயே வேரூன்றி நின்றது.