ஓவியக்கோல் விடுத்து அரங்கேறிய ஜான் பாரிமோர்

தந்தை செய்த தொழிலையே மைந்தனும் செய்தல் வேண்டுமா, அன்றித் தன் உள்ளம் விழைந்த துறையிற் செல்லுதல் தகுமா என்னும் வினா நம் இல்லங்களில் அடிக்கடி எழுவதாகும். கடைக்கணக்கு எழுத வேண்டிய ஏட்டின் ஓரங்களிற் படம் வரைந்திருக்கும் பிள்ளையைச் சினந்து, அவ்வேட்டையும் பிள்ளையையும் ஒருங்கே நம்மிடம் கொணர்ந்து நிறுத்தும் தந்தையரைப் பள்ளியிற் பயிற்றுவிக்கும் நாம் பலகாலும் கண்டிருக்கின்றோம். அவர்கட்கு ஒரு சொல்லால் விடை கூறுதல் எளிதன்று. ஆதலின், இவ்வினாவைத் தம் வாழ்நாள் முழுதும் சுமந்து திரிந்த ஒருவரின் வரலாற்றை ஈண்டு எடுத்துரைக்கப் புகுந்தோம். அவர் அமெரிக்க நாட்டுப் பெருநடிகராகிய ஜான் பாரிமோர் என்பவர்.

இவருடைய குடிவரலாறே வியப்புடையது. இவர் தந்தையார் பிறந்தது நம் பாரத நாட்டின் ஆக்ரா நகரத்திலாகும். 1849-ஆம் ஆண்டிற் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஹெர்பர்ட் பிளைத் என்பது. மகன் சட்டம் பயின்று வழக்கறிஞனாதல் வேண்டுமென்பது குடும்பத்தாரின் எண்ணம். அவரோ குத்துச்சண்டையிலும் நாடகத்திலும் நாட்டங்கொண்டார். கூத்தாடும் தொழில் குடிக்கு இழுக்கென அந்நாளிற் கருதப்பட்டமையின், தந்தையின் பெயர்க்கு மாசு வாராவண்ணம் வேறொரு பெயர் புனைந்துகொள்ள விழைந்தார். இலண்டன் மாநகரத்து ஹேமார்க்கெட் அரங்கின் முற்கூடத்தில் பழைய நாடக விளம்பரமொன்றிற் கண்ட பாரிமோர் என்னும் பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்டு, மாரிஸ் பாரிமோர் என வழங்கப்பெற்றார். இப்பெயர் பின்னொரு காலத்து எவ்வாறு அவ்வரங்கிற்கே மீண்டு வந்ததென்பதை மேலே கூறுவோம்.

மாரிஸ் அமெரிக்கா சென்று, 1876-ஆம் ஆண்டின் இறுதியில் ஜார்ஜியானா டுரூ என்னும் நடிகையை மணந்தார். அவ்வம்மையாரின் அன்னை லூயிசா டுரூ, பிலடெல்பியா நகரத்து ஆர்ச்சுத் தெரு அரங்கினை ஏறத்தாழ முப்பது ஆண்டு தாமே நடத்திய பேராற்றல் வாய்ந்தவர். பெண்ணொருத்தி நாடக அரங்கை ஆளுதல் அரிதாயிருந்த காலத்தில், கணக்கும் நடிப்பும் கட்டுப்பாடும் ஒருங்கே கைவரப்பெற்றுத் திகழ்ந்தார். மாரிஸ், ஜார்ஜியானா இணையர்க்கு லயனல், எத்தல், ஜான் என மக்கள் மூவர் பிறந்தனர். கடைக்குட்டியாகிய ஜான் தோன்றியது 1882-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களிலாகும். பெற்றோர் ஊர்தோறும் நாடகம் நடிக்கச் செல்வராதலின், பிள்ளைகள் பாட்டியாரின் நிழலிலேயே வளர்ந்தனர். ஜானுக்குப் பதினொரு வயது நிரம்பியிருந்தபோது, 1893-இல், அன்னையார் என்புருக்கி நோயால் இறந்தார். நான்காண்டு கழித்துப் பாட்டியாரும் மறைந்தார்.

பாட்டன் பாட்டி, தாய் தந்தை, தாய்மாமன் ஆகிய யாவரும் நடிகராயிருந்த இக்குடியிற் பிறந்த ஜான், நடிகனாகேன் என உறுதிகொண்டதே வியப்பு. அவர் உள்ளம் ஓவியத்திற் படிந்திருந்தது. குஸ்தாவ் டோரே என்னும் பிரெஞ்சு ஓவியர் வரைந்த இருளும் அச்சமும் நிறைந்த படங்களைக் கண்டு அவற்றில் ஈடுபட்டு, தாமும் அவ்வண்ணமே வரையலானார். பின்னர் இலண்டன் சென்று ஸ்லேடு ஓவியப் பள்ளியிற் பயின்றார். 1900-ஆம் ஆண்டு நியூயார்க்கிற்கு மீண்டு, ஈவினிங் ஜர்னல் என்னும் மாலைப் பத்திரிகையில் ஓவியராக அமர்ந்தார்.

அக்காலத்துப் பத்திரிகை ஓவியரின் தொழில் எத்தகைத்து என்பதை அன்பர்கள் அறிதல் வேண்டும். நிழற்படங்களை நாளிதழ்த் தாளில் தெளிவுற அச்சிடும் முறை அப்போதுதான் வேரூன்றத் தொடங்கியிருந்தது. ஆதலின் செய்திக்கும் கதைக்கும் வேண்டிய படங்களுட் பலவற்றை மையும் தூவலுங்கொண்டு கோட்டோவியமாக வரைவித்து, அக்கோடுகளைத் துத்தநாகத் தகட்டிற் பொறித்து அச்சேற்றினர். அச்சுப்பொறி எவர்க்கும் காத்து நில்லாது. குறித்த நாழிகைக்குள் படம் முடிந்தாக வேண்டும். நினைத்தபோது வரைபவனுக்கு அவ்விடத்தில் இடமில்லை. ஜான் வரைந்த படங்கள் பெரும்பாலும் துயரும் இருளும் தோய்ந்தவை. எல்லா வீலர் வில்காக்ஸ் என்னும் புகழ்வாய்ந்த பெண்பாற் புலவரின் செய்யுட்களுக்கும் அவர் படம் எழுதினார். அவர் தீட்டிய, தூக்கிலிடுவோனைப் பற்றிய படமொன்றைப் பெருஞ்செல்வராகிய ஆண்ட்ரூ கார்னெகி பத்து டாலர் கொடுத்து வாங்கினார். இளம் ஓவியர்க்கு இதனினும் ஊக்கந் தருவது வேறு யாது? ஆயினும் ஜானிடம் ஒழுங்கு இல்லை. இரவெல்லாம் குடியிலும் கூட்டத்திலும் கழித்து, காலையிற் கை நடுங்க வரையும் பழக்கம் அவரை அப்போதே பற்றியிருந்தது. ஓரிரு ஆண்டுக்குள் அப்பத்திரிகையினின்றும் நீக்கப்பட்டார்.

இதற்கிடையில் குடும்பத்திற்குப் பெருந்துயர் நேர்ந்தது. 1901-ஆம் ஆண்டில் தந்தையார் மாரிஸ் மேடையிலேயே அறிவு பிறழ்ந்து மருத்துவ மனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். நான்காண்டு அந்நிலையிலேயே இருந்து 1905-இல் உயிர் நீத்தார். தமக்கை எத்தல் 1901-ஆம் ஆண்டிலேயே நியூயார்க்கு அரங்கிற் பெரும்புகழ் எய்தினார். தம்பிக்கோ கையிற் பொருளில்லை. ஓவியம் ஊண் அளிக்கவில்லை. வேறு வழியின்றி, தாம் வெறுத்து விலகிய குடித்தொழிலையே நாடி, 1903-ஆம் ஆண்டில் சிகாகோ நகரத்தில் மாக்டா என்னும் நாடகத்திற் சிறு வேடம் பூண்டார். விருப்பத்தால் அன்று, வறுமையாலேயே அவர் மேடையேறினார் என்பதை நாம் மறத்தலாகாது.

முதற்கண் அவர் நகைச்சுவை நடிகராகவே அறியப்பட்டார். 1909-இல் நடித்த நாடகமொன்று அவரை மக்கட்கு நன்கு அறிமுகப்படுத்தியது. எட்வர்டு ஷெல்டன் என்னும் நாடகாசிரியர், இவரிடத்து ஆழ்ந்த ஆற்றல் புதைந்துள்ளதைக் கண்டு, துன்பியல் நாடகங்களில் நடிக்குமாறு தூண்டினார். அவ்வாறே 1916-இல் கால்ஸ்வொர்த்தியின் நீதி என்னும் நாடகத்திலும், 1917, 1919 ஆண்டுகளில் தமையன் லயனலுடன் கூடியும் நடித்து உயர்ந்தார். 1920-இல் ஷேக்ஸ்பியரின் மூன்றாம் ரிச்சர்டு ஆனார். குரலை வளம்படுத்த மார்கரெட் காரிங்டன் என்னும் ஆசிரியையிடம் மாணவனைப்போல் அமர்ந்து பயின்றார். 1922-ஆம் ஆண்டு நவம்பரில் தொடங்கிய ஹாம்லெட் நாடகத்தை நியூயார்க்கில் 101 முறை நடித்தார். எட்வின் பூத் என்னும் பழம்பெரு நடிகர் ஏறத்தாழ அறுபது ஆண்டுக்கு முன் நிறுவிய நூறு என்னும் எல்லையை இதனாற் கடந்தார்.

இனி, ஓவியக் கல்வி வீணாயிற்றோ எனின், அன்று என்போம். கோட்டால் முகம் வரைந்து பழகியவர் தம் முகத்தையே தாளாகக் கொண்டார் எனல் மிகையாகாது. 1920-இல் வெளிவந்த டாக்டர் ஜெக்கிலும் மிஸ்டர் ஹைடும் என்னும் ஊமைப் படத்தில் நல்லான் ஒருவன் கொடியவனாக மாறும் காட்சியை முதலில் ஒப்பனையின்றி, முகத்தசைகளைத் திரித்தே காட்டினார். அதன்பின் கூம்பிய தலையும் நீண்ட விரல்களும் வாய்ந்த கோர உருவமாக ஒப்பனையுடன் தோன்றினார். இளமையில் டோரேயின் படங்களில் அவர் கண்டு தோய்ந்த இருள், மைவழியே வாராது மெய்வழியே வந்ததெனலாம். கற்ற கல்வி ஒருவழி அடைபடின் மற்றொருவழி திறந்துகொள்ளும் என்பதற்கு இஃதொரு சான்று.

1925-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஜான் இலண்டனில் ஹாம்லெட்டாகத் தோன்றினார். ஆங்கிலேயர்க்கு அவர்தம் புலவரின் நாடகத்தையே அமெரிக்கர் ஒருவர் நடித்துக் காட்டுதல் துணிவுடைச் செயலே. ஆயினும் அவையோர் பாராட்டினர். அவர் நடித்த இடம் ஹேமார்க்கெட் அரங்காகும். குடிக்கு இழுக்கு வாராமைப்பொருட்டுத் தந்தை எவ்வரங்கின் முற்கூடத்திற் பெயரை இரவல் பெற்றாரோ, அவ்வரங்கின் மேடையிலேயே மகன் அப்பெயரைப் பெருமைப்படுத்தி நின்றார்.

இதன்பின் அவர் நாடகமேடையைப் பெரிதும் விடுத்துத் திரைப்படத்திற் புகுந்தார். 1926-இல் வந்த டான் ஜுவான், படத்தோடு இசைந்தொலிக்கும் இசைத்தட்டுடன் வெளியான முதல் முழுநீளப் படமாகும். 1932-இல் கிராண்டு ஹோட்டல் என்னும் படத்தில் லயனலுடனும் கிரேட்டா கார்போவுடனும் நடித்தார். அவ்வாண்டிலேயே உடன்பிறந்தார் மூவரும் ரஸ்புடீன் பற்றிய படமொன்றில் ஒருங்கே தோன்றினர். மூவரும் கூடி நடித்த பேசும்படம் அஃதொன்றே.

ஆனால் இளமையிற் பற்றிய குடி அவரை விட்டபாடில்லை. நான்கு திருமணங்களும் முறிந்தன. ஈட்டிய பெரும்பொருள் கரைந்தது. ஹாம்லெட்டின் நீண்ட உரைகளை நெஞ்சிற் பதித்திருந்த அம்மனிதர், சில வரிகளையும் நினைவிற் கொள்ளமாட்டாது, எழுதிய பலகைகளை எதிரே பிடிக்கச் செய்து, அவற்றை நோக்கிப் பேசும் நிலையை அடைந்தார். இறுதிக்காலத்தில் தம் வீழ்ச்சியையே நகைப்பொருளாக்கி நடித்துப் பிழைத்தார். 1942-ஆம் ஆண்டு மே 29-ஆம் நாள், அறுபதாம் வயதில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இறந்தார். குடிப்பழக்கம் ஒரு நோயென்பதை மருத்துவர் இன்று தெளிவுறுத்துகின்றனர். ஆதலின் அவரை இகழ்தல் நம் கருத்தன்று. அந்நோய் தொடக்கத்திலேயே தடுக்கப்படுதல் வேண்டுமென்பதே கருத்து.

அன்பர்களே, இவ்வரலாற்றால் நாம் பெறுவது யாது? குடித்தொழிலை விட்டமையால் ஜான் கெட்டார் எனச் சிலர் கூறக்கூடும். குடித்தொழிலுக்கு மீண்டமையால் உயர்ந்தார் எனவும் சிலர் கூறக்கூடும். இரண்டும் முழுவுண்மை அல்ல. தமையன் லயனலும் நடிப்பை விட்டுப் பாரிசு நகரில் ஓவியம் பயின்றவரே. அவரும் மேடைக்கு மீண்டார். எனினும் செப்புத்தகட்டில் ஓவியம் பொறிக்கும் கலையை விடாது போற்றி, எழுபதைக் கடந்து வாழ்ந்தார். ஒரே இல்லத்திற் பிறந்து, ஒரே விருப்பங்கொண்டு, ஒரே தொழிலுக்கு மீண்ட இருவர் வெவ்வேறு முடிவெய்தினர். ஆதலின் தொழிலின் தேர்வு ஒன்றே ஒருவன் வாழ்வை முடிவுசெய்வதில்லை. காலத்தில் எழுதலும் காலத்தில் முடித்தலும் தீயன விலக்கலுமாகிய ஒழுங்கே அதனைத் தாங்குவதாம்.

பத்திரிகை அலுவலகத்தில் ஜானுக்குக் குறைந்தது கைத்திறன் அன்று. அவ்வொழுங்கே குறைந்தது. அதனைக் கற்பிக்கும் அன்னையும் பாட்டியும் முன்பே மறைந்தனர். தந்தையோ தம்மையே இழந்தார். ஆகவே, மக்களைப் பெற்றோர் பிள்ளையின் கையிலுள்ள தூவலைப் பிடுங்குதற்கு முன், அதனை நாள்தோறும் குறித்த நேரத்தில் எடுக்கவும் வைக்கவும் அவன் பழகினானா என்று நோக்குவாராக. அப்பழக்கம் கைவந்துவிடின், அவன் கடையில் அமரினும் ஓவியக்கூடத்தில் அமரினும் நாம் அஞ்சவேண்டுவதில்லை.