நமோ நமோ மாதாவைத் தந்த ஆனந்த சமரக்கோன்

பசறையிலிருந்தும் ஹாலி-எலயிலிருந்தும் பஸ்ஸில் வந்து இறங்குவோரும் விடுதியில் தங்கிப் படிப்போரும் காலைக் கூட்டத்தில் ஒரே குரலில் பாடுவது தேசிய கீதம். நாம் அதைத் தமிழில் பாடுகிறோம். அதை இயற்றி மெட்டமைத்தவர் ஒரு பாடசாலை ஆசிரியர்.

ஆனந்த சமரக்கோன் 1911 ஜனவரி 13 ஆம் திகதி பாதுக்கைப் பகுதியில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஜோர்ஜ் வில்பிரட். 1936 இல் அவர் வங்காளத்திலுள்ள சாந்திநிகேதனுக்குச் சென்றார். மகாகவி தாகூர் 1901 இல் தொடங்கிய அந்த விடுதிப் பாடசாலையில் வகுப்புகள் மரநிழலில் நடக்கும். பாட்டும் ஓவியமும் அங்கு பொழுதுபோக்கு அல்ல, கணிதத்தைப் போலப் பாடங்கள். கற்றதை மேடையில் பாடிக் காட்டுவதும் படிப்பில் ஒரு பகுதி. சமரக்கோன் சாந்திதேவ் கோஷிடம் இசையும் நந்தலால் போஸிடம் ஓவியமும் பயின்றார். ஆனால் ஆறு மாதங்களில் படிப்பை விட்டுத் திரும்பிவிட்டார். பட்டம் பெறவில்லை. எனினும் பிறர் மெட்டுக்குச் சொற்களைப் பொருத்துவது வழக்கமாக இருந்த காலத்தில், சிங்களப் பாடலுக்குச் சொந்தமாக மெட்டமைக்கும் துணிவு அவருக்கு வந்திருந்தது. பௌத்தராகிப் பெயரையும் ஆனந்த என மாற்றிக்கொண்டார்.

1938 முதல் 1942 வரை காலி மஹிந்த கல்லூரியில் இசை கற்பித்தார். நமோ நமோ மாதா 1940 இல் பிறந்தது. நாடு சுதந்திரம் பெற இன்னும் எட்டு ஆண்டுகள் இருந்தன! அதைப் பொதுமேடையில் முதலில் பாடியவர்கள் நம்மைப் போன்ற மாணவியர்தாம், கொழும்பு மியூசியஸ் கல்லூரியைச் சேர்ந்தவர்கள்.

1945 இல் ஐந்து வயது மகனை இழந்தார். அந்தத் துயரோடு இந்தியா சென்று சில காலம் ஓவியத்தில் ஈடுபட்டார். 1951 நவம்பர் 22 இல் அவரது பாடல் தேசிய கீதமாக ஏற்கப்பட்டது. தமிழாக்கியவர் பண்டிதர் மு. நல்லதம்பி. அவர் கொழும்பு சாஹிராக் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர் என்பதில் நமக்கும் ஒரு பெருமை.

பின்னர் வந்தது சோதனை. 1952 இல் பிரதமர் டி.எஸ். சேனாநாயக்க குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். 1959 இல் பிரதமர் பண்டாரநாயக்க சுடப்பட்டார். பாடலின் தொடக்க எழுத்துகள் அமங்கலமானவை, அதனால்தான் நாட்டுக்குக் கேடு என்று சிலர் கூறினர். செய்யுளை மங்கலச் சொல்லில் தொடங்க வேண்டும் என்று நம் பாட்டியல் நூல்களும் சொல்கின்றன. ஆனாலும் வணக்கம் என்று பொருள்படும் சொல்லால் தலைவர்கள் இறந்தார்கள் என்பதை என் மனம் ஏற்கவில்லை.

1961 இல் தொடக்கம் ஸ்ரீ லங்கா மாதா என்று மாற்றப்பட்டது. மெட்டில் கை வைக்கவில்லை. சமரக்கோனின் சம்மதத்தையும் பெறவில்லை. எழுதியவர் உயிரோடு இருந்தார், கேட்டிருக்கலாம். அவர் எதிர்த்தும் பயனில்லை. மனமுடைந்த நிலையில் 1962 ஏப்ரல் 5 ஆம் திகதி காலமானார். அப்போது அவருக்கு வயது 51.