கையில் காசில்லாத ஹனிமூன்... போலி லேபிள் ஒயின்! 'புதையல் தீவு' ஸ்டீவன்சன் கலிபோர்னியாவில் கண்டது என்ன?

அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில் இருக்கிறது நாபா பள்ளத்தாக்கு. ஒயின் உலகத்தில் இந்தப் பேருக்கு இப்போ தனி மவுசு. இங்கே இருக்கிற சின்ன ஒயினரிகளில் சிலது புது ஒயினை ரிலீஸ் செய்தால், அதை வாங்கவே முன்கூட்டிப் பேர் பதிந்து காத்திருக்கிறவர்கள் உண்டு.

ஆனால் 1880ல் நிலைமையே வேற. கலிபோர்னியா ஒயினை கலிபோர்னியா ஒயின் என்று சொல்லி விற்பதே பெரும்பாடு. பாட்டிலில் பிரான்ஸ் நாட்டுப் பேர் மாதிரி ஏதாவது ஒட்டினால்தான் போணி ஆகும் என்று வியாபாரிகள் நினைத்த காலம் அது.

அந்த நேரத்தில்தான் ஒரு எழுத்தாளர் அங்கே வந்து சேர்ந்தார். நுரையீரல் நோய், காலியான பை, புதுசா நடந்த கல்யாணம். இதோடு வந்தவர் மலைத் தோட்டங்களுக்குப் போய் ஒயினை ருசித்தார். பார்த்ததை அப்படியே எழுதி வைத்தார். அவர் ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன். ஆமாம், 'புதையல் தீவு' எழுதிய அதே ஸ்டீவன்சன்தான்!

யார் இந்த ஸ்டீவன்சன்?

1850 நவம்பர் 13ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்தில் பிறந்தவர். குடும்பத் தொழில் என்ன தெரியுமா? கலங்கரை விளக்கம் கட்டுறது. தாத்தா, அப்பா, பெரியப்பா எல்லாருமே அதில் பேர் போன இன்ஜினியர்கள்.

ஒரே பிள்ளை. அவரும் இன்ஜினியர் ஆகணும் என்பது அப்பா தாமஸின் ஆசை. மகன் படிக்கத்தான் போனார், ஆனால் மனசு அதில் இல்லை. அப்புறம் சட்டம் படித்து 1875ல் வக்கீல் ஆனார். அந்தத் தொழிலிலும் நிலைக்கவில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே வேலை எழுதுறது.

சின்ன வயசில் இருந்தே நெஞ்சு பலவீனம். இருமல், காய்ச்சல், ரத்தம் கக்குறது என்று வாழ்நாள் முழுக்கப் படுக்கையோடு போராட்டம். எடின்பரோவின் குளிர் அவருக்கு ஒத்துக்கவே இல்லை.

கடல் தாண்டிய காதல்

1876ல் பிரான்ஸில் ஓவியர்கள் தங்கும் ஒரு கிராமத்தில் ஃபேனி ஆஸ்போர்னைச் சந்தித்தார். அமெரிக்கப் பெண். ஸ்டீவன்சனை விட 10 வயசு மூத்தவர். ஏற்கெனவே கல்யாணம் ஆகி, கணவரைப் பிரிந்து பிள்ளைகளோடு வந்திருந்தவர்.

காதல் வளர்ந்தது. ஆனால் 1878ல் ஃபேனி கலிபோர்னியாவுக்கே திரும்பிப் போய்விட்டார். அடுத்த வருஷம் ஆகஸ்டில் ஸ்டீவன்சன் பெத்தவங்களிடம் சொல்லாமலேயே கப்பல் ஏறினார். நியூயார்க்கில் இறங்கி, அங்கிருந்து குடியேறிகளுக்கான மலிவு ரயிலில் அமெரிக்காவின் மறுகோடி வரைக்கும் பயணம். போய்ச் சேரும்போது ஆள் பாதி ஆகிவிட்டார். மான்டெரே பக்கத்தில் மயங்கிக் கிடந்தவரை ஆடு வளர்க்கும் இரண்டு பேர்தான் காப்பாற்றினார்கள்.

25 சென்ட் சாப்பாடு

1879 டிசம்பரில் ஃபேனிக்கு விவாகரத்து கிடைத்தது. ஆனால் உடனே கல்யாணம் நடக்கவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் ஒரு வாடகை அறையில் தனியா இருந்தார் ஸ்டீவன்சன். எழுத்தில் பெரிய வருமானம் இல்லை. 50 சென்ட் சாப்பாட்டை 25 சென்ட் சாப்பாடாகக் குறைத்துக்கொண்ட நாட்கள் அவை.

வீட்டுக்காரம்மாவின் சின்னப் பையன் நோயில் விழுந்தபோது, ராத்திரி முழுக்கக் கண்விழித்துப் பார்த்துக்கொண்டார். பையன் பிழைத்தான். ஸ்டீவன்சன் விழுந்தார். இந்தத் தடவை பிழைப்பாரா என்பதே சந்தேகம். ஃபேனிதான் பக்கத்தில் இருந்து தேற்றினார்.

கடைசியில் அப்பாவின் மனசும் இளகியது. வருஷத்துக்கு 250 பவுண்ட் தருவதாகத் தந்தி வந்தது. 1880 மே 19ல் கல்யாணம். மாப்பிள்ளைக்கு வயசு 29, பொண்ணுக்கு 40.

வெள்ளிச் சுரங்கத்தில் ஹனிமூன்

டாக்டர்கள் சொன்னது ஒண்ணுதான். கடல் பனி இல்லாத, வறண்ட மலைக்காற்று வேணும். அதனால் புது ஜோடி நாபா பள்ளத்தாக்கின் மேல்கோடியில் இருக்கும் கலிஸ்டோகாவுக்குப் போனது. கூடவே ஃபேனியின் 12 வயசு மகன் லாயிட், ஒரு நாய்.

அங்கே வாடகை கொடுத்துத் தங்கக் கட்டுப்படி ஆகவில்லை. பக்கத்தில் செயின்ட் ஹெலினா மலை. அதன் மேலே சில்வராடோ என்று ஒரு வெள்ளிச் சுரங்கம். வெள்ளி தீர்ந்துபோய் எல்லாரும் காலி செய்துவிட்ட இடம். தொழிலாளர்கள் தங்கிய கொட்டகை மட்டும் மிச்சம். ஜன்னலில் கண்ணாடி இல்லை. துணியைக் கட்டி மறைத்துக்கொண்டு, வாடகை இல்லாமல் அங்கேயே குடியேறினார்கள். இப்படித்தான் உலகப் புகழ் எழுத்தாளரின் ஹனிமூன் கழிந்தது!

போலி லேபிள் ரகசியம்

சான் பிரான்சிஸ்கோவில் ஒரு ஒயின் வியாபாரி ஸ்டீவன்சனுக்கு லேபிள் பெட்டிகளைத் திறந்து காட்டினார். கலர் கலரா லேபிள்கள். கிரீடம், முத்திரை, பிரெஞ்சு மாளிகைப் பேர்கள். அதில் ஒரு பேரை ஸ்டீவன்சன் கேள்விப்பட்டதே இல்லை. எங்கே இருக்கு இந்த மாளிகை என்று விசாரித்தால், அது வியாபாரி படித்த ஒரு நாவலாசிரியரின் பேர்! அத்தனையும் கற்பனை. உள்ளே இருந்தது சுத்தமான கலிபோர்னியா ஒயின்.

ஏன் இந்த வேலை? வாங்குறவருக்கு உள்ளூர்ச் சரக்கு மேல் நம்பிக்கை இல்லை. ஸ்டீவன்சனுக்குப் புரிந்தது இதுதான். இந்த மண்ணில் ஒயின் விளையவே இல்லை என்று ஊர் நினைக்குது, ஏன்னா விளைந்ததெல்லாம் வேற பேரில் போகுது. நல்ல ஒயின் செய்தாலும் அதன் பெருமை இல்லாத ஒரு மாளிகைக்குப் போய்ச் சேரும்.

அதே நேரத்தில் பிரான்ஸில் ஃபிலாக்செரா என்ற பூச்சி திராட்சைக் கொடிகளின் வேரைத் தின்று தோட்டம் தோட்டமா அழித்துக்கொண்டிருந்தது. ஒயின் பிரியரான ஸ்டீவன்சனுக்கு அது சொந்தத் துக்கம் மாதிரி. பழைய இடங்கள் போனால் புது இடம் எது என்ற கேள்வியோடுதான் அவர் நாபா தோட்டங்களைப் பார்த்தார்.

இரண்டு தோட்டங்கள்

அவர் எழுதி வைத்தது இரண்டு தோட்டங்களைப் பற்றி.

முதல் தோட்டம் மெக்எக்ரன் என்ற ஸ்காட்லாந்துக்காரருடையது. தனி ஆள். ஒரு சின்ன மர வீடு, மலைச்சரிவில் ஒரு சின்ன நிலவறை. கொடி நட்டது, வளர்த்தது எல்லாம் அவர் ஒருத்தரே. கொடிகளும் இளசு, வியாபாரமும் இளசு.

இரண்டாவது, ஜேக்கப் ஷ்ராமின் ஷ்ராம்ஸ்பர்க். ஜெர்மனியில் இருந்து வந்த இவர் தொழிலில் முடிதிருத்துபவர். 1862ல் மலையில் நிலம் வாங்கினார். கொடி நட்ட பிறகும் ரொம்ப நாள் கத்தியும் கையுமாகப் பள்ளத்தாக்கு முழுக்க நடந்து சவரம் செய்து சம்பாதித்தார். ஒயின் பீப்பாய்கள் வைக்கும் குகைகளை மலைக்குள் குடைந்து கொடுத்தவர்கள் சீனத் தொழிலாளர்கள்.

அன்னைக்கு ஃபேனி மேலே வராந்தாவில் ஷ்ராமின் மனைவியோடு பேசிக்கொண்டிருந்தார். கீழே நிலவறையில் ஸ்டீவன்சன் ஒவ்வொரு ரகமா ருசித்தார். சிவப்பு, வெள்ளை, பர்கண்டி வகை, ஹாக் வகை, நல்ல மணத்தோடு கோல்டன் ஷாஸ்லா... பர்கண்டி, ஹாக் எல்லாம் ஐரோப்பாவில் கடன் வாங்கின பேர்தான். ஆனால் ஒவ்வொன்றிலும் ஷ்ராம் தன் இடத்தின் பேரையும் சேர்த்திருந்தார். அந்தக் காலத்தில் அதுவே பெரிய துணிச்சல்.

ஷ்ராம் ஓரளவு வசதியான பிறகும், வந்தவர் ஒரு மடக்கு குடித்ததும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் பையன் மாதிரி. இந்தப் பதற்றம்தான் ஸ்டீவன்சனை ரொம்பத் தொட்டது.

புது ஒயினில் என்ன பார்த்தார்?

நாபா ஒயின் உலகத்திலேயே சிறந்தது என்று அவர் பாராட்டிவிட்டு வரவில்லை. இது இன்னும் பரிசோதனைக் கட்டத்தில் இருக்கிறது என்பதுதான் அவர் கணக்கு.

தங்கம் தேடுறவன் மலையில் இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் தோண்டிப் பார்ப்பான். அதே மாதிரி ஒரு மூலையில் ஒரு ரகத் திராட்சை, இன்னொரு மூலையில் இன்னொரு ரகம். ஒண்ணு சரிவரலை என்றால் அடுத்தது. எந்த மண்ணுக்கு எந்தக் கொடி என்று கண்டுபிடிக்க வருஷக்கணக்கில் பொறுமை வேணும். கண்டுபிடித்தால், மலைக்குள் இருக்கும் எந்த உலோகத்தையும் விட அது பெரிய சொத்து. வெள்ளி தீர்ந்துபோன சுரங்கத்தில் குடியிருந்த மனுஷன் இதைச் சொன்னதுதான் வேடிக்கை.

அதனால் புது ஒயினை ருசிக்கிறவர் இப்போ எப்படி இருக்கு என்று மட்டும் பார்க்கக் கூடாது. இந்த மண் எங்கே போய் நிற்கும் என்றும் பார்க்கணும். இதுதான் அவர் எழுதியதின் சாரம். 'சில்வராடோ ஸ்குவாட்டர்ஸ்' என்ற பேரில் 1883ல் அது புத்தகமாக வந்தது.

புதையல் தீவில் இருந்து சமோவா வரை

1880 ஆகஸ்டில் குடும்பம் ஸ்காட்லாந்து திரும்பியது. அடுத்த வருஷம் ஒரு மழை நாளில் லாயிட்டோடு உட்கார்ந்து ஒரு தீவின் வரைபடத்தைக் கிறுக்கப் போய், அதில் இருந்து பிறந்ததுதான் 'புதையல் தீவு'. 1883ல் புத்தகமாக வந்தபோது பதிப்பகம் கொடுத்தது 100 பவுண்ட். 1886ல் 'டாக்டர் ஜெக்கில் அண்ட் மிஸ்டர் ஹைட்' வெளியாகி, பேர் உலகம் முழுக்கப் போனது.

உடம்பு மட்டும் சொன்னபடி கேட்கவில்லை. 1887ல் அப்பா இறந்த பிறகு ஊரை விட்டே கிளம்பினார். 1888ல் சான் பிரான்சிஸ்கோவில் இருந்து பாய்க்கப்பல் ஏறி பசிபிக் தீவுகளைச் சுற்றினார். 1890ல் சமோவாவின் உபோலு தீவில் நிலம் வாங்கி வீடு கட்டிக்கொண்டார். அங்கே மக்கள் அவருக்கு வைத்த பேர் துசிதாலா. அதாவது கதை சொல்லி.

1894 டிசம்பர் 3. சாயங்காலம் ஃபேனிக்குச் சமையலில் உதவி செய்தார். ராத்திரி சாப்பாட்டுக்காக நிலவறையில் இருந்து ஒரு பர்கண்டி பாட்டிலை எடுத்து வந்தார். பேசிக்கொண்டே இருந்தவர் திடீரென்று தலையைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். மூளையில் ரத்தக்கசிவு. சில மணி நேரத்தில் உயிர் போனது. வயசு 44தான். வாழ்நாள் முழுக்கப் பயந்த நுரையீரல் அவரைக் கொல்லவில்லை. சமோவா மக்கள் காட்டை வெட்டிப் பாதை போட்டு, வயா மலை உச்சிக்குத் தூக்கிப் போய் அடக்கம் செய்தார்கள்.

நாபாவுக்கு என்ன ஆச்சு?

அவர் நம்பினது அவ்வளவு சுலபமா பலிக்கவில்லை. பிரான்ஸை அழித்த அதே பூச்சி நாபாவுக்கும் வந்து தோட்டங்களைத் தின்றது. 1905ல் ஷ்ராம் இறந்தார். 1920ல் அமெரிக்கா முழுக்க மதுவிலக்கு. 1933 வரை நீடித்த அந்தத் தடையில் பல ஒயினரிகள் மூடிப்போயின.

1965ல் ஷ்ராம்ஸ்பர்க்கை ஒரு தம்பதி வாங்கி மறுபடி உயிர் கொடுத்தார்கள். 1972ல் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனா போனபோது, பெய்ஜிங் விருந்தில் இந்த ஒயினரியின் நுரைக்கும் ஒயின்தான் பரிமாறப்பட்டது.

அடுத்து 1976 மே 24. பாரிஸில் ஒரு போட்டி. லேபிளை மறைத்து, எந்த ஒயின் எது என்று தெரியாமல் பிரெஞ்சு நடுவர்கள் ருசித்தார்கள். வெள்ளை, சிவப்பு இரண்டிலுமே நாபா ஒயின்கள் முதலிடம்! வெள்ளையில் ஜெயித்த ஷாட்டோ மான்டெலினா இருப்பது கலிஸ்டோகாவில், அதே செயின்ட் ஹெலினா மலை அடிவாரத்தில். லேபிளை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேணுமா?

இப்போ லேபிளை நம்பலாமா?

இன்னைக்கு இதுக்குச் சட்டமே இருக்கு. பாட்டிலில் நாபா பள்ளத்தாக்கு என்று போட்டால், உள்ளே இருக்கும் ஒயினில் குறைந்தது 85 சதவீதம் அங்கே விளைந்த திராட்சையில் இருந்து வந்திருக்கணும். அதோடு அறுவடை வருஷத்தையும் போட்டால், 95 சதவீதம் அந்த வருஷத்து அறுவடையாக இருக்கணும். பர்கண்டி மாதிரி ஐரோப்பிய ஊர்ப் பேர்களைப் புதுசா யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று 2006ல் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் ஒப்பந்தம் போட்டன. ஏற்கெனவே பயன்படுத்தி வந்த பழைய பிராண்டுகளுக்கு மட்டும் விதிவிலக்கு.

புது ரிலீஸ் என்றால் இந்த வருஷம் பறித்த திராட்சை என்று அர்த்தம் இல்லை. கேபர்நே மாதிரி சிவப்பு ஒயின் பீப்பாயிலும் பாட்டிலிலும் இருந்து வெளியே வர இரண்டு, மூணு வருஷம் ஆகலாம். நாபாவின் பல ஒயினரிகளில் முன்பதிவு செய்துவிட்டுப் போய், கொஞ்சம் கொஞ்சமா ருசித்துப் பார்த்துப் பிடித்ததை வாங்கலாம்.

இன்னைக்கு நாபாவுக்குள் நுழையும் சாலையில் வரவேற்புப் பலகை ஒண்ணு நிற்கிறது. அதில் பொறித்திருப்பது ஸ்டீவன்சனின் வார்த்தைகள். அவர் குடியிருந்த சுரங்க மலை இப்போ அவர் பேரிலேயே அரசுப் பூங்கா. மலையில் வெள்ளி இல்லை. கீழே பள்ளத்தாக்கில் கொடிகள் இருக்கின்றன, அதுவும் சொந்தப் பேரோடு.

(மது அருந்துவது உடல்நலத்துக்குத் தீங்கானது.)