கணினிக்குச் செவி தந்தவர்

கோல சிலாங்கூர் முதல் பெஸ்தாரி ஜெயா வரையிலான வட சிலாங்கூர்த் தோட்டங்களில் ரப்பர் மரங்கள் நிறைந்திருந்த காலம் அது. பால்மரம் சீவும் தொழிலாளர்கள் மரத்தின் மீது ஒரு கண்ணும் வானத்தின் மீது ஒரு கண்ணுமாக வேலை செய்வர். மேகம் கறுத்தால், சீவுவதை அப்படியே நிறுத்திவிட்டு, மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிக்கொண்டு விரைவர். அந்த அறிகுறியைக் கவனிக்கத் தவறினால், பெய்யும் மழை பாலை அடித்துச் சென்றுவிடும். விடியற்காலையிலிருந்து பட்ட பாடு வீணாகிவிடும். வேலையின் நடுவே வரும் எச்சரிக்கையை உணர்ந்து, சேர்த்ததைக் காப்பாற்றிக்கொண்டு நிறுத்துவது ஓர் அரிய திறன். இத்திறனைக் கணினி நிரல்களுக்கும் வழங்கியவர்களுள் ஒருவர் டென்னிஸ் ரிட்சி.

ரிட்சி 1941ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். இவருடைய தந்தையார் தொலைபேசி ஆய்வுக்குப் புகழ்பெற்ற பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய அறிவியலாளர். ரிட்சி ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இயற்பியலும் பயன்பாட்டுக் கணிதமும் பயின்றார். முனைவர் பட்டத்திற்கான ஆய்வேட்டை எழுதி முடித்தும் பட்டத்தைப் பெறவில்லை. 1967ஆம் ஆண்டில் தந்தையைப் போலவே பெல் ஆய்வகத்தில் சேர்ந்தார்.

அங்கே இவருக்குக் கென் தாம்சன் என்னும் நண்பர் வாய்த்தார். 1969ஆம் ஆண்டில் பெல் ஆய்வகம் ஒரு பெரிய கணினித் திட்டத்திலிருந்து விலகியது. நண்பர்கள் இருவரும் மனந்தளரவில்லை. பழைய சிறு கணினி ஒன்றில் தாம்சன் தொடங்கிய பணியில் ரிட்சியும் இணைந்தார். இவ்வாறு உருவானதே யூனிக்ஸ் இயங்குதளம். பின்னர் ரிட்சி, சி என்னும் நிரலாக்க மொழியை உருவாக்கினார். 1973ஆம் ஆண்டில் யூனிக்ஸ் அம்மொழியிலேயே திருத்தி எழுதப்பட்டது.

யூனிக்ஸ் பயனர்கள் ஷெல் எனப்படும் கட்டளை முகப்பில் கட்டளைகளைத் தட்டச்சு செய்து நிரல்களை இயக்கினர். இயங்கத் தொடங்கிய நிரல் தவறான வழியில் சென்றால் என்ன செய்வது? முடிவில்லாமல் ஓடினால் அதை எப்படி நிறுத்துவது? இதற்கான தீர்வுதான் சமிக்ஞை. ஒரு விசையைத் தட்டினால், ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கு எச்சரிக்கை சென்று சேரும். தொடக்கத்தில் ஒவ்வொரு வகை நிகழ்வுக்கும் தனித்தனி ஏற்பாடு இருந்தது. 1973ஆம் ஆண்டில் வந்த யூனிக்ஸின் நான்காம் பதிப்பு அவற்றை ஒரே முறைக்குள் கொண்டுவந்தது.

சமிக்ஞையைப் பெறும் நிரலுக்கு மூன்று வழிகள் உண்டு. வந்தவுடன் முடிந்துபோகலாம், பொருட்படுத்தாமல் தொடரலாம், அல்லது தனக்கென வகுத்துக்கொண்ட முறையில் செயல்படலாம். ரிட்சியும் தாம்சனும் 1974ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இதனை எளிய சான்றுகளால் விளக்கினர். பயனர் தவறுதலாக வெளியேற்றப்படாமல் இருக்க, வெளியேறு என்னும் சமிக்ஞையை ஷெல் பொருட்படுத்துவதில்லை. எழுத்துகளைத் திருத்த உதவும் நிரலோ, இடைநிறுத்தச் சமிக்ஞை வந்ததும் நீண்ட அச்சிடலை மட்டும் நிறுத்திவிட்டு அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும். அதனால் பயனர் அதுவரை செய்த வேலை அழிவதில்லை.

சமிக்ஞைகளுக்கு எண்களும் உண்டு. முதலாம் எண், தொலைபேசி இணைப்பு துண்டிக்கப்பட்டதை அறிவிப்பதற்காக ஏற்பட்டது. இரண்டாம் எண், கன்ட்ரோல் விசையுடன் சி விசையை அழுத்தும்போது செல்வது. 15ஆம் எண், முடித்துக்கொள்ளுமாறு நிரலைக் கேட்டுக்கொள்வது. நிரல் தன் கோப்புகளைச் சேமித்துவிட்டு முடியலாம். 9ஆம் எண்ணை எந்த நிரலாலும் தடுக்கவோ புறக்கணிக்கவோ இயலாது. 15 கறுத்த மேகம் என்றால், 9 கொட்டும் மழை. எனவேதான் அனுபவமுள்ளோர் முதலில் 15ஐ அனுப்பிப் பார்க்கின்றனர். 1979ஆம் ஆண்டில் அதே ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் போர்ன் உருவாக்கிய ஷெல்லில், டிராப் என்னும் கட்டளை இடம்பெற்றது. அதன் மூலம், ஷெல்லில் எழுதப்படும் சிறு நிரல்களும் சமிக்ஞை வந்ததும் தம் தற்காலிகக் கோப்புகளை நீக்கிவிட்டு முறையாக முடிய வழி பிறந்தது.

ரிட்சியும் தாம்சனும் 1983ஆம் ஆண்டில் கணினித் துறையின் மிக உயரிய டூரிங் விருதைப் பெற்றனர். 1999ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு இருவருக்கும் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் அணிவித்தது. இத்தனை சிறப்புகள் வந்தும் ரிட்சி விளம்பரத்தை நாடாமல் அமைதியாகவே வாழ்ந்தார். 2011ஆம் ஆண்டு அக்டோபரில், தனியே வாழ்ந்த தம் இல்லத்தில் அவர் இறந்து கிடந்தது தெரியவந்தது. அப்போது அவருக்கு வயது 70. அதற்கு ஒரு வாரம் முன்னர் மறைந்த ஸ்டீவ் ஜாப்ஸுக்காக உலகமே துயருற்றது. ரிட்சியின் மறைவையோ பலர் அறியவே இல்லை.

எனினும், அவருடைய உழைப்பு மறையவில்லை. யூனிக்ஸின் வழியைப் பின்பற்றும் லினக்ஸ், இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கு அடிப்படையாக உள்ளது. பள்ளிக் கணினிக் கூடத்தில் ஒரு மாணவர், தாம் எழுதிய நிரல் நில்லாமல் ஓடுவதைக் கண்டு இரண்டு விசைகளை அழுத்தி அதை நிறுத்துகிறார். அந்த நொடியில் ரிட்சியும் அவருடைய நண்பர்களும் அன்று வகுத்த வழியே அவருக்கு உதவுகிறது. தொடங்கத் தெரிந்தால் மட்டும் போதாது; உரிய நேரத்தில், செய்ததைக் காத்துக்கொண்டு நிறுத்தவும் தெரிய வேண்டும். தோட்டத்துத் தொழிலாளர்கள் அறிந்திருந்த இவ்வுண்மையைக் கணினிக்கும் கற்பித்ததில் டென்னிஸ் ரிட்சிக்குப் பெரும் பங்கு உண்டு.