வாங்குகளை அகற்றிய வைத்தியர்: மரியா மொண்டிசோரி அம்மையார்

எமது சங்கத்தின் நூற்றாண்டு மலருக்கு என்ன எழுதலாம் என்று கூடிப் பேசியபோது, எம்மில் மூன்று தலைமுறையினர் ஒரே மேசையைச் சுற்றி இருந்தோம். மூத்தவர்கள் சிலேட்டையும் சிலேட்டுக் குச்சியையும், மைக்கூட்டையும் ஒற்றுத்தாளையும் நினைவுகூர்ந்தனர். நடுத் தலைமுறையினருக்கு நினைவில் நின்றவை குமிழ்முனைப் பேனையும், இடம்பெயர்ந்த நாட்களில் மரநிழலில் சாக்கு விரித்து நடந்த வகுப்புகளும், குப்பி விளக்கில் எழுதிய அப்பியாசக் கொப்பிகளுமே. இளையவர்கள் ஸ்மார்ட் போர்டையும் மடிக்கணினியையும் பற்றிச் சொன்னார்கள்.

பேச்சு மெல்ல ஒழுக்கத்தின் பக்கம் திரும்பியது. கைகட்டி, வாய்பொத்தி, நால்வர் ஒரு வாங்கில் நெருங்கி அமர்ந்து, ரீச்சர் உள்ளே வந்ததும் ஒரே குரலில் வணக்கம் சொல்லி எழுந்து நின்ற காலம் போய்விட்டதே என்று சிலர் வருந்தினோம். அந்த அமைதிக்குள் எவ்வளவு பயம் இருந்தது என்று வேறு சிலர் கேட்டோம். அன்று அந்த வாதம் முடிவுக்கு வரவில்லை. ஆனால் வகுப்பறைத் தளபாடத்துக்கும் பிள்ளையின் நடத்தைக்கும் உள்ள தொடர்பை நூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஆராய்ந்த ஒரு பெண்மணியின் நினைவு எமக்கு வந்தது. இலங்கையில் அவருடைய பெயரைச் சொல்லாத வீடு இல்லை. பிள்ளை மொண்டிசோரிக்குப் போகிறது என்று நாம் நாளும் பொழுதும் சொல்கிறோம். அது ஒரு மனிதரின் பெயர் என்பதைப் பலர் மறந்தே விட்டோம். அவருடைய வரலாற்றை இம்மலரில் பதிவு செய்வது பொருத்தமென எண்ணினோம்.

மரியா மொண்டிசோரி 1870 ஓகஸ்ட் 31ஆம் திகதி இத்தாலியின் கியாராவல்லே என்ற சிறிய ஊரில் பிறந்தார். தந்தை அரசாங்க உத்தியோகத்தர். பழைய பழக்கங்களில் ஊறியவர். தாய் நன்கு வாசித்தவர். மகளின் விருப்பங்களுக்கு என்றும் துணை நின்றவர். குடும்பம் உரோம் நகருக்குக் குடிபெயர்ந்தது. அக்காலத்தில் அங்கே படித்த பெண்ணுக்குத் திறந்திருந்த வழி ஆசிரியத் தொழில் ஒன்றே. மரியாவோ அதை விரும்பவில்லை. ஆண்பிள்ளைகள் படிக்கும் தொழில்நுட்பப் பாடசாலையில் சேர்ந்து கணிதமும் விஞ்ஞானமும் கற்றார். பொறியியலாளராக எண்ணியவர் பின்னர் மனம் மாறி மருத்துவம் படிக்க முனைந்தார். ஆண் மாணவர்களோடு சேர்ந்து நின்று பிரேதங்களை அறுத்துப் படிப்பது ஒரு பெண்ணுக்குத் தகாது என்று கருதப்பட்டதால், எல்லோரும் போன பின் மாலை வேளையில் தனியே நின்று அப்பாடத்தைப் படித்தார். 1896இல் வைத்தியப் பட்டம் பெற்றார். இத்தாலியில் அப்பட்டம் பெற்ற முதற் பெண்கள் சிலருள் அவரும் ஒருவர். அதே ஆண்டில் பேர்லினில் நடைபெற்ற பெண்கள் மாநாட்டில், ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் வேண்டும் என்று வாதாடினார்.

உரோம் பல்கலைக்கழக மனநோய்ப் பிரிவில் பணிபுரிந்தபோதுதான் பிள்ளைகள் அவருடைய வாழ்வுக்குள் வந்தனர். மனவளர்ச்சி குன்றியவர்கள் எனப்பட்ட பிள்ளைகள் வளர்ந்த மனநோயாளரோடு சேர்த்து அடைக்கப்பட்டிருந்தார்கள். கையில் பிடித்து விளையாட ஒரு பொருளும் அவர்களிடம் இருக்கவில்லை. அவர்களுக்கு வேண்டியது மருந்து மட்டுமன்று, கைக்கு வேலையும் வேண்டும் என்று அவர் கண்டார். இத்தார், செகென் என்ற இரு பிரெஞ்சு வைத்தியர்களின் பழைய நூல்களைத் தேடிப் படித்தார். 1900இல் அத்தகைய பிள்ளைகளுக்கான பயிற்சி நிலையமொன்றைப் பொறுப்பேற்று, தொட்டும் பொருத்தியும் அடுக்கியும் கற்கும் கருவிகளை ஆக்கினார். அப்பிள்ளைகளுள் சிலர் சாதாரண பிள்ளைகள் எழுதும் பரீட்சையிலேயே தேறினர். எல்லோரும் அவரைப் பாராட்டினார்கள். அவரோ வேறொன்றை எண்ணிக் கவலைப்பட்டார். இந்தப் பிள்ளைகளே இவ்வளவு செய்ய முடியுமாயின், நல்ல சுகத்தோடு பாடசாலைக்குப் போகும் பிள்ளைகளை எது தடுத்து வைத்திருக்கிறது என்பதே அவருடைய கேள்வி.

விடை தேடி அவர் சாதாரண பாடசாலைகளைப் பார்த்தார். அங்கே கண்டது வாங்குகளை. தரையோடு பொருத்தப்பட்ட வாங்கும் மேசையும் அக்காலத்தில் விஞ்ஞானத்தின் சாதனையாகப் போற்றப்பட்டன. பிள்ளை அசையாதிருக்க வேண்டும், அதேவேளை முதுகெலும்பும் வளையக்கூடாது. அதற்கேற்ப அளந்து செய்தார்கள். வைத்தியரான அம்மையாருக்கு அது வேறு விதமாகத் தெரிந்தது. முதுகு வளையுமளவுக்குப் பிள்ளையை மணிக்கணக்கில் இருத்தி வைப்பது ஏன் என்று எவரும் கேட்கவில்லையே என்று வியந்தார். ஊசி குத்தி அட்டையில் ஒட்டிய வண்ணத்துப்பூச்சிகளோடு அப்பிள்ளைகளை ஒப்பிட்டார்.

பின்னர் அவருக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது. உரோமின் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் பகுதியில் ஒரு கட்டட நிறுவனம் பழைய குடியிருப்புகளைத் திருத்தியமைத்தது. பெற்றோர் வேலைக்குப் போனபின் சிறு பிள்ளைகள் படிகளில் ஓடிச் சுவர்களைப் பாழாக்கினர். அவர்களைக் கட்டி வைக்க ஓர் அறை வேண்டியிருந்தது. அவ்வறைக்குப் பொறுப்பாக அம்மையாரை அழைத்தார்கள். ஏறத்தாழ 50 பிள்ளைகள் சேர்ந்தனர். 1907 ஜனவரி 6ஆம் திகதி திறக்கப்பட்ட அதுவே முதலாவது குழந்தைகள் இல்லம்.

அங்கே அவர் செய்தவற்றுள் முதன்மையானது தளபாட மாற்றம். வாங்குகளுக்குப் பதிலாக, நான்கு வயதுப் பிள்ளை தானே தூக்கி நகர்த்தக்கூடிய சிறு மேசைகளும் கதிரைகளும் செய்வித்தார். கரும்பலகையைப் பிள்ளையின் கைக்கு எட்டும்படி தாழ்த்தி வைத்தார். கைகழுவும் தொட்டியையும் அவ்வாறே அமைத்தார். கதிரை தட்டி விழுந்து சத்தம் போட்டால் என்ன செய்வது என்று கேட்டவர்களுக்கு அவரிடம் விடை இருந்தது. தரையில் பூட்டிய கதிரையில் இருக்கும் பிள்ளை அமைதியாக நடக்கப் பழகாது. கதிரையைத் தட்டி விழுத்திய பிள்ளை தன் பிழையைத் தன் காதாலேயே அறிந்து, மறுநாள் கவனமாக நடக்கும். ஒழுக்கம் என்பது அசையாதிருப்பதன்று, அசைவைத் தானே ஆளப் பழகுவது என்பது அவர் கொள்கை.

தொடக்கத்தில் கற்கும் கருவிகள் எல்லாம் ஓர் அலுமாரியில் பூட்டியே இருந்தன. ஆசிரியை திறந்து எடுத்துக் கொடுப்பார். முடிந்ததும் வாங்கிப் பூட்டுவார். ஒரு நாள் அவர் அலுமாரியைப் பூட்ட மறந்துவிட்டார். மறுநாள் பிந்தி வந்து பார்த்தால், பிள்ளைகள் தாமே கருவிகளை எடுத்து வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். ஆசிரியைக்கு அது களவாகத் தோன்றியது, தண்டிக்க நினைத்தார். அம்மையார் தடுத்தார். எது எங்கே இருக்கிறது, தமக்கு எது வேண்டும் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டது என்பதையே அவர் அதில் கண்டார். அன்றிலிருந்து பூட்டிய அலுமாரி போய், தாழ்ந்த திறந்த தட்டுகள் வந்தன.

அக்கருவிகள் எளியவை. 1 சென்ரிமீற்றர் முதல் 10 சென்ரிமீற்றர் வரையான பத்து மரக்கட்டைகளை அடுக்கி எழுப்பும் கோபுரம் ஒன்று. மரக்கட்டையிலுள்ள குழிகளில் அளவறிந்து பொருத்தும் உருளைகள் இன்னொன்று. பிழை விட்டால் கட்டையே காட்டிக்கொடுக்கும். ஆசிரியை குட்டத் தேவையில்லை. மூன்று வயதுச் சிறுமியொருத்தி அவ்வுருளைகளைப் பொருத்துவதும் எடுப்பதுமாக நாற்பது தடவைக்கு மேல் செய்ததை அம்மையார் அருகிருந்து எண்ணினார். மற்றப் பிள்ளைகளைச் சுற்றி நின்று பாடச் சொன்னார். சிறுமியைக் கதிரையோடு தூக்கி மேசையில் வைத்தார். அவள் கவனம் கலையவில்லை. பிரம்பால் வரும் அமைதி ஒன்று, வேலையில் மூழ்குவதால் வரும் அமைதி வேறொன்று என்பது அன்று அவருக்குத் தெளிவாயிற்று.

பரிசும் தண்டனையும் பற்றிய அவர் எண்ணமும் அங்கேதான் மாறியது. ஒரு நாள் வகுப்பின் நடுவே ஒரு சிறுவன் நெஞ்சில் பதக்கம் அணிந்து சும்மா அமர்ந்திருக்கக் கண்டார். விசாரித்தால், அவன் தண்டனைக்காக இருத்தப்பட்டவன். பதக்கம் பெற்றவன் வேறொருவன். அது வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று அவன் இவனிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். இருவரையும் அந்தப் பதக்கமோ தண்டனையோ தொடவில்லை. பரிசளிப்பு விழாக்களில் வளர்ந்த எமக்கு இது இன்றும் சற்றுச் சங்கடமான கதைதான்.

எழுத்துக்கு, உப்புத்தாளில் வெட்டி அட்டையில் ஒட்டிய எழுத்துக்களைச் செய்தார். பிள்ளை விரலால் தடவி, ஒலியைச் சொல்லி, வடிவத்தைக் கைக்குள் வாங்கும். ஏடு தொடக்கும்போது தாத்தாவோ ஐயரோ விரல் பிடித்து அரிசியில் அகரம் எழுதுவித்த பிள்ளைகளாகிய எமக்கு இதன் நயத்தை விளக்கத் தேவையில்லை. அவ்வாண்டு டிசெம்பரில், வெயில் எறித்த ஒரு நாளில், புகைபோக்கியை வரையும்படி அவர் வெண்கட்டி கொடுத்த ஒரு சிறுவன் படம் வரைந்து முடித்ததும் திடீரென்று தரையில் சொற்களை எழுதத் தொடங்கினான். அதைக் கண்டு மற்றவர்களும் எழுதினர்.

1909இல் அவருடைய நூல் வெளிவந்தது; பல மொழிகளுக்குச் சென்றது. 1915இல் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் கண்ணாடிச் சுவருள்ள வகுப்பறையில் பிள்ளைகள் கற்பதை உலகம் வந்து பார்த்தது. எதிர்ப்பும் வந்தது. கருவிகளை இப்படித்தான் பயன்படுத்த வேண்டும் என்ற அவருடைய கண்டிப்பு பிள்ளையின் கற்பனையைக் கட்டுகிறது என்று அமெரிக்கப் பேராசிரியர்கள் குறைகூறினர். அக்குறையில் உண்மை இல்லாமலில்லை.

அவருடைய சொந்த வாழ்வில் ஒரு பெரும் துயர் இருந்தது. 1898இல், உடன் பணியாற்றிய வைத்தியர் ஒருவருக்கும் அவருக்கும் மாரியோ என்ற மகன் பிறந்தான். திருமணம் நடைபெறவில்லை. அக்காலச் சமூகத்தில் அது தெரிந்தால் அவர் தொழில் அன்றே முடிந்துவிடும். பிள்ளை நாட்டுப்புறத்தில் ஒரு குடும்பத்திடம் வளர்ந்தான். உலகத்துப் பிள்ளைகளைக் கூர்ந்து பார்த்த கண்கள் தன் பிள்ளையின் குழந்தைப் பருவத்தை அருகிருந்து காணவில்லை. பதினைந்து வயதளவில் மாரியோ தாயிடம் வந்து சேர்ந்தார். அதன்பின்னும் நெடுங்காலம் உறவுப் பிள்ளையென்றே பிறருக்கு அறிமுகம் செய்யப்பட்டார். ஆயினும் தாயின் இறுதி நாள் வரை அவரே துணையாக நின்றார். இதை அம்மையாரின் குறையாக நாம் எழுதவில்லை. ஒரு பெண் கல்விக்காகக் கொடுத்த விலை என்றே எழுதுகிறோம்.

1924 முதல் முசோலினியின் ஆதரவை அவர் ஏற்றார் என்பதையும் மறைப்பதற்கில்லை. பிள்ளைகளைப் படை அணிகளாக்க விரும்பிய அரசோடு அந்த உறவு நீடிக்கவில்லை. 1934இல் இத்தாலியில் அவர் பாடசாலைகள் மூடப்பட்டன. ஸ்பெயினுக்குப் போனார், 1936இல் உள்நாட்டுப் போர் அங்கிருந்தும் துரத்தியது. ஒல்லாந்தில் தஞ்சமடைந்தார். இடம்பெயர்வு என்றால் என்னவென்று அறிந்தவர் அவர்.

1939இல், தம் 69ஆவது வயதில், பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை அடையாறுக்கு வந்தார். முந்நூறு பேரளவில் பயிற்சிக்கு வந்து சேர்ந்தனர். அடுத்த ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதும் பிரித்தானிய அரசு மாரியோவைத் தடுப்பு முகாமுக்கு அனுப்பியது. அம்மையாரின் எழுபதாவது பிறந்தநாளையொட்டி அவர் விடுவிக்கப்பட்டார். போர்க்காலத்தில் கொடைக்கானலில் தங்கியபோது மரமும் ஓடையும் பூச்சியும் பிள்ளைகளுக்குப் பாடப்பொருளாயின. 1944இல் அம்மையார் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது அதற்கு அடுத்த ஆண்டில். இந்தியாவில் கழித்த ஆண்டுகளில் அவரிடம் பயின்றோர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். 1946இல் ஐரோப்பா திரும்பினார். சமாதானத்துக்கான நோபல் பரிசுக்கு மூன்று முறை பிரேரிக்கப்பட்டார். 1952 மே 6ஆம் திகதி ஒல்லாந்தின் நூர்ட்வைக் என்ற கடலோர ஊரில் காலமானார்.

அவர் பெயர் எமது தெருக்கள் தோறும் பலகைகளில் நிற்கிறது. ஆனால் அப்பெயர் தாங்கிய சில இடங்களில் மூன்று வயதுப் பிள்ளை அசையாமல் வாங்கில் இருந்து, வீட்டுப்பாடம் எழுதிக் களைத்துப் போவதையும் காண்கிறோம். பெயர் வந்தது, பொருள் வரவில்லை.

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் கொழும்பிலும் ஊரிலும் வாழும் நாம், கற்ற பாடசாலைகளுக்கு உபகரணங்கள் வாங்கிக் கொடுக்கிறோம். அது நன்றிக் கடன். ஆனால் பழுதாகிவிடும் என்ற பயத்தில் கணினிகள் உறை நீக்காமல் கிடப்பதும், விஞ்ஞானக் கருவிகள் அலுமாரியில் பூட்டியே இருப்பதும் எங்கும் காணக்கூடியவையே. மரநிழலில் கையில் ஒன்றுமின்றிக் கற்பித்த ஆசிரியைகளை எம்மில் ஒரு தலைமுறை அறியும். அவர்களிடம் பூட்ட எதுவும் இருக்கவில்லை. ஈர்க்கும் புளியங்கொட்டையும் பிள்ளைகளின் கைக்கே வந்தன, அவற்றைக் கொண்டே நாம் கணக்குப் படித்தோம். ஆகவே இந்த நூற்றாண்டில் உபகரணம் வழங்கும்போது அதன் விலையோடு இன்னொன்றையும் கேட்போம்: அலுமாரியின் திறப்பு யார் கையில் இருக்கப் போகிறது? அது பிள்ளையின் கைக்கு எட்டுமாயின், சிலேட்டோ மடிக்கணினியோ, எமது கல்லூரியின் அடுத்த நூற்றாண்டும் நன்றாகவே நடக்கும்.